ஒழுங்கை முனையில் போதைப்பொருள் விற்பனை: வன்னிக் குடியிருப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வவுனியா நகரத்து ஒழுங்கையாக இருக்கலாம், கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பாக இருக்கலாம், முல்லைத்தீவில் ஒரு சந்தியாக இருக்கலாம். பின்னேரம் ஆனதும் மதகில் இரண்டு பேர் வந்து உட்காருகிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகின்றன. ஊருக்கு விசயம் தெரியும். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியாது.

கடைசியாகச் செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலானோர் முதலில் செய்கிறார்கள். விற்கிறவனைப் பிடித்து அடிக்கிறார்கள். அல்லது முகநூலில் படத்தைப் போடுகிறார்கள். அல்லது ஆத்திரத்தோடு பொலிசுக்குப் போய் நாலு பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். விற்பனை இரண்டு கிழமை ஓயும், பிறகு பக்கத்து ஒழுங்கையில் தொடங்கும். பெயர் சொன்னவரின் கூரையில் இரவில் கல் விழும்.

இங்கே சொல்லும் ஒழுங்கு வேறு. முதலில் பார்த்து எழுதுவது, அப்புறம் வாங்குகிற பிள்ளைகள், பிறகு இடம், அதற்கும் பிறகுதான் ஆள். ஆளை எடுத்தால் இன்னொருவன் வருவான். இருட்டும், கேட்பாரில்லாத வளவும், கடன்பட்டாவது வாங்க வருகிற பெடியளும் அப்படியே இருந்தால் அந்த மதகு வெறுமையாக இருக்காது.

## 1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி. தொலைபேசியில் எழுத வேண்டாம். தொலைபேசி கைமாறும், அதில் எழுதியது தவறிப்போய் ஊர் வட்ஸ்அப் குழுவில் விழும்.

ஏற்கெனவே பதிவில் உள்ள ஒரு சங்கம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், எதுவானாலும் சரி. பதிவு இலக்கமும் முத்திரையும் உள்ள கடிதத்தை எந்த அலுவலகமும் கையெழுத்திட்டு வாங்க வேண்டியிருக்கும். இதற்கென்று புதிதாக ஒரு ‘போதை ஒழிப்புக் குழு’ தொடங்காதீர்கள். முதல் மாதம் முழுக்க யார் தலைவர் என்பதிலேயே போய்விடும்.

சிங்களம் வாசிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவர். ஏன் என்பது 9 ஆம் பகுதியில் வருகிறது.

சில இலக்கங்கள்: அவசரப் பொலிஸ் 119, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைச் சேவை 1927, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929, மதுவரித் திணைக்களம் 1913. உங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் நேரடி இலக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போகும்போதெல்லாம் அது இன்னமும் சரியா என்று பார்க்க வேண்டும்.

## 2. என்ன விற்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

ஊரில் எல்லாவற்றுக்கும் ‘தூள்’ என்று ஒரே பெயர். ஆனால் பொருளுக்குப் பொருள் தட்ட வேண்டிய கதவு வேறு.

கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சும் சாராயம், என்றால் மதுவரித் திணைக்களமும் பொலிசும். கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என்றால் பொலிஸ். வலிக்கும் நரம்புக்கும் கொடுக்கும் மாத்திரைகளை வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்கிற மருந்துக்கடை என்றால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் உள்ள உணவு மற்றும் மருந்துப் பரிசோதகரிடம் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்கிற பெட்டிக்கடை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதே குற்றம்.

கடைசியாகச் சொன்னதைச் சின்ன விசயம் என்று விட்டுவிடாதீர்கள். பெரிய சாமானுக்கு முகப்பாக இருக்கிற கடை பல நேரம் இந்தச் சின்னக் குற்றத்தில்தான் முதலில் அகப்படும். அந்த வழக்குக்கு நீங்கள் சாட்சி சொல்லப் போகவேண்டியதும் இல்லை.

## 3. சட்டத்தின் அளவுகளை முன்னரே அறிந்துகொள்ளுங்கள்

‘பிடிச்சுக் குடுத்தோம், நாலாம் நாள் திரும்பி வந்திட்டான், பொலிஸ் காசு வாங்கியிருக்கு.’ எல்லா ஊரிலும் கேட்கிற வசனம் இது. சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அறியாமல் தொடங்கினால் முதலாவது பிணையோடு ஊர் மனம் விட்டுவிடும்.

அடிப்படைச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 இல் வந்த திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கலாம். ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன், 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் இந்தக் கடும் பிரிவுக்குள் வந்தது. அதற்கு எல்லை 5 கிராம். இலங்கையில் 1976 க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் நடைமுறையில் இது ஆயுள் தண்டனைதான். இந்த அளவைத் தாண்டினால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேலே உள்ள நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இங்கே கணக்கில் எடுப்பது பக்கெட்டின் முழு எடையை அல்ல. கலப்படம் போக எஞ்சும் சுத்தமான பொருளின் எடையை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொல்ல வேண்டும். மதகில் நிற்கிறவனின் கையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. இந்த எல்லைகளை அவன் உங்களை விட நன்றாக அறிவான். அதற்குக் கீழேயே வைத்திருப்பான். அவன் பிணையில் வருவான் என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வந்தபிறகு என்ன செய்வது என்பதுதான் வேலையின் பாதி.

## 4. ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்

கூட்டம் கூட்டி ஆள் சேர்க்காதீர்கள். கூட்டத்தில் விற்கிறவனின் மாமனும் இருப்பார். வன்னியில் ஒரு குடியிருப்பு என்றால் பாதிப்பேர் சொந்தம். மற்றப் பாதி முகாமிலோ மீள்குடியேற்றத்திலோ ஒன்றாக இருந்தவர்கள். யாரும் வேண்டுமென்று காட்டிக்கொடுப்பதில்லை. வாய் தவறித்தான் போகும்.

வீட்டு வாசல் ஒழுங்கையைப் பார்த்திருக்கிற ஒரு அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மாதர் சங்கத்தில் ஒருவர், கடிதம் எழுதத் தெரிந்த இளம் ஆள் ஒருவர். இது போதும். கடைக்காரரையும் ஓட்டோக்காரரையும் குழுவில் போட வேண்டாம். அதிகம் பார்க்கிறவர்கள் அவர்கள்தான், அதிகம் இழக்கக்கூடியவர்களும் அவர்கள்தான். தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெயரைப் பதியாதீர்கள்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். இப்படியான பேச்சு தொடங்கியதும் பழி எப்போதும் கடைசியாக வந்து குடியேறியவர்கள் மேல்தான் விழும். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள், அரச காணியில் கொட்டில் போட்டிருப்பவர்கள், வேறு சமயத்தவர்கள். கொப்பியில் எழுதத் தொடங்கினால் பல நேரம் வேறு கதை தெரியவரும். பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ள பகுதி என்றால் கோயிலோடு சேர்த்து அந்த நிர்வாகங்களிடமும் ஆரம்பத்திலேயே போங்கள். பிறகு கூப்பிட்டால், குற்றம் சாட்டக் கூப்பிடுவதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

## 5. பார்த்து எழுதுவது

இந்த வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். ‘எங்களுக்குத் தெரியாததா?’ என்பார்கள். தெரியும், ஆனால் கேட்டால் ‘எப்பவும் நிக்கிறாங்கள்’ என்றுதான் சொல்வார்கள். ‘எப்பவும்’ என்ற முறைப்பாட்டை வைத்துக்கொண்டு பொலிஸ் எந்த நேரம் வருவது?

குறைந்தது இரண்டு கிழமை எழுதுங்கள். அதற்குள் ஒரு சம்பள நாளாவது வர வேண்டும். திகதி, நேரம், இடம், என்ன நடந்தது, வாகன இலக்கம், எவ்வளவு நேரம் நின்றது. அவ்வளவுதான்.

நல்ல பதிவு இப்படி இருக்கும்: ‘புதன், பி.ப. 6.40, மதகடி. கறுப்பு மோட்டார் சைக்கிள், இருவர். ஒரு நிமிடம். ஏதோ கைமாறியது. நகரப் பக்கம் திரும்பியது.’ கெட்ட பதிவு: ‘இன்னாரின் மகன் தூள் வித்தான்.’ முதலாவதை வைத்து ரோந்து நேரம் குறிக்கலாம். இரண்டாவது உங்கள் ஊகம். கொப்பி தொலைந்தால் அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.

எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரியும். ரியூசன் விடுகிற நேரம், ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்து இறக்குகிற நேரம், வெள்ளி இரவு. காலபோக அறுவடையில் கைகளில் காசு புழங்கும். வெளியூரிலிருந்து இயந்திரங்களோடு ஆட்களும் வருவார்கள், விற்பனையும் கூடும். அந்த மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஊரே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது மதகில் ஆளே இல்லாமலும் விற்பனை நடக்கும். காசு தொலைபேசி வழியாக, ஈஸி கேஷில் போகும். பக்கெட் முன்கூட்டியே ஒரு கல்லின் கீழோ, மின்கம்பத்து அடியிலோ, மதில் ஓட்டையிலோ வைக்கப்பட்டிருக்கும். இடத்தின் படம் தொலைபேசிக்கு வரும். ஒரே கம்பத்தடியில் வெவ்வேறு பெடியள் தொலைபேசி வெளிச்சத்தில் குனிந்து தேடினால் அதுதான் விசயம். அந்த இடத்தை எழுதுங்கள். கம்பத்தில் இலக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

எதையும் தொடாதீர்கள். கருகிய ஈயத்தாள் கிடந்தாலும் சரி, கண்ணாடிக் குழாய் கிடந்தாலும் சரி, பொட்டலமே கிடந்தாலும் சரி. எடுத்தால் அது உங்கள் கையில் இருந்த பொருள் ஆகிவிடும். தள்ளி நின்று பொலிசுக்கு அழையுங்கள்.

பின்தொடர வேண்டாம், படம் பிடிக்கவும் வேண்டாம். பக்கத்துக் கடையில் ஏற்கெனவே கமரா இருந்தால் பதிவைச் சேமித்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது விழுந்துவிடும் என்பதால் தாமதிக்காமல் கேளுங்கள். இதற்காகவே புதிதாகக் கமரா பூட்டினால், அது யாருடைய வீட்டுச் சுவரில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து.

## 6. வாங்குகிற பிள்ளைகளின் வீடுகளுக்குப் போங்கள்

ஏன் பொலிசுக்கு முன்? சுற்றிவளைப்பு நடந்தால் முதலில் அகப்படுவது இவர்கள்தான். பாவிக்கிறவனும் சட்டத்தின் முன் பொருளை வைத்திருந்தவன்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வழக்கும் விளக்கமறியலும் வந்தால் அந்தப் பிள்ளைக்கு வேலையும் இல்லை, வெளிநாட்டுப் பயணமும் இல்லை. கடைசியில் மதகுதான்.

குழுவாகப் போகாதீர்கள். அந்த வீட்டோடு பழக்கமுள்ள ஒருவரோ இருவரோ போகட்டும். பெரும்பாலும் பெண்கள் போவதுதான் நல்லது. குடும்பத்தைத் தனியே தூக்கிச் சுமக்கிற தாய்மார் வன்னியில் நிறையப் பேர். ஆண்கள் வாசலில் வந்து நின்றால் அக்கம்பக்கம் பார்க்கும்.

‘உங்கட பெடியன் கெட்டுப்போயிட்டான்’ என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். ‘அக்கா, தம்பி இப்ப இரவிலை நித்திரை கொள்ளுறானே? சாப்பாடு எப்பிடி? வீட்டிலை ஏதும் சாமான் காணாமல் போகுதே?’ என்று கேளுங்கள். தாய்க்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருப்பார்.

கடன் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முதலில் இலவசம், பிறகு கடன், பிறகு ‘கடனைக் குடுக்க ஏலாட்டி இந்த நாலைக் கொண்டுபோய்க் குடு’. வாங்குகிறவன் விற்கிறவனாக மாறுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். பிள்ளையைக் கொஞ்ச நாளுக்கு வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் கடனைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. பிள்ளை திரும்பி வந்த அன்றே கடன்காரன் படலையில் நிற்பான்.

சிகிச்சைக்கு முதல் இடம் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நான்கிலும் இருக்கிறது. 1927 இல் ஆலோசனை பெறலாம். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமானது. இராணுவமும் சம்பந்தப்பட்ட கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையங்களைப் பற்றி முதல் நாளே பேசாதீர்கள். 2009 க்குப் பிறகு பிள்ளையைத் தடுப்பு முகாமில் பார்த்த குடும்பத்துக்கு அந்தப் பேச்சே போதும், அடுத்தமுறை உங்களை உள்ளே விடாது.

வீட்டில் பூட்டி வைத்துக் குணப்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹெரோயினை நிறுத்தினால் சில நாட்களுக்கு உடல் முறியும், வாந்தி வரும், மூக்கு ஒழுகும். ஐஸை நிறுத்தினால் நாள்கணக்கில் தூங்கி, எழும்பியதும் கடுமையான மனச்சோர்வு வரும், உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். அப்படியான பிள்ளையைத் தனி அறையில் விட்டுப் பூட்டக்கூடாது. நேர்த்தியும் செபமும் குடும்பத்துக்கு ஆறுதல் தரும் என்றால் செய்யட்டும், வைத்தியரைப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

பிள்ளை பதினெட்டுக்குக் குறைவென்றால் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள். பாடசாலை அதிபரிடம் சொல்வதானால் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படி ஒருமுறை நிறுத்தி வைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு வராது.

## 7. இடத்தைக் கெடுங்கள்

விற்கிறவனுக்கு மூன்று விசயம் வேண்டும்: இருட்டு, மறைவு, ஓட இரண்டு வழி. இவற்றில் இரண்டை எடுத்துவிட்டால் அந்த இடம் அவனுக்கு உதவாது. இதற்கு யாருடைய பெயரையும் சொல்லத் தேவையில்லை என்பதுதான் இதன் அழகு.

வெளிச்சம். வீதி விளக்கு உள்ளூராட்சி சபையின் வேலை. வவுனியா நகருக்குள் என்றால் மாநகர சபை, வெளியே என்றால் பிரதேச சபை. மின்சார சபைக்குப் போய் நின்று நாளை வீணாக்காதீர்கள். கடிதத்தில் எந்த ஒழுங்கை, எந்தக் கம்பம் என்று தெளிவாக எழுதுங்கள். ‘எங்கள் பகுதி இருளில் மூழ்கியுள்ளது’ என்று எழுதினால் எந்தக் கம்பத்தில் ஏறுவது என்று ஊழியருக்குத் தெரியாது. விளக்கை உடைப்பார்கள். உடைத்த அடுத்த நாளே திரும்பக் கடிதம் போக வேண்டும். ஒரு கிழமை இருட்டில் விட்டால் அவர்கள் வென்றதாகிவிடும்.

பற்றைக் காணியும் ஆளில்லா வீடும். வன்னியில் இதுதான் பெரிய தலையிடி. காணிக்காரர் கனடாவில் இருப்பார், வீடு பாதி கட்டியபடி நிற்கும், அற்றோணித் தத்துவம் வைத்திருக்கிற உறவினர் யாழ்ப்பாணத்தில் இருப்பார். உரித்தாளரிடம் முதலில் மரியாதையாகக் கேளுங்கள். அநேகமானோர் துப்புரவாக்கக் காசு அனுப்புவார்கள், நிலைமை அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். பதில் இல்லையென்றால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் இருக்கிறது. நுளம்பு பெருகும் வளவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். டெங்கு என்று சொன்னால் அசையும் அலுவலகங்கள் போதைப்பொருள் என்று சொன்னால் அசையாது.

அனுமதி எழுத்தில் இல்லாமல் யாருடைய வேலியையும் பிரிக்காதீர்கள். சிரமதானம் என்று இறங்கி, கடைசியில் காணித் தகராறு வழக்கில் நின்ற ஊர்கள் இருக்கின்றன.

ஆள் நடமாட்டம். அவன் நிற்கிற நேரத்தில் அங்கே வேறு வேலை நடக்கட்டும். மாதர் சங்கத்தின் பின்னேரக் கூட்டம், பெடியளின் கரப்பந்தாட்டம், மரக்கறி விற்கிற அம்மாவின் தட்டு. கொப்பியில் உள்ள நேரத்தைப் பார்த்து வையுங்கள். காலையில் சிரமதானம் செய்து படம் எடுத்துப் போட்டால், மாலை ஆறரைக்கு வருகிறவனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

## 8. திறந்த வழியும் மூடிய வழியும்

இரண்டு வழிகளையும் கலக்கவே கூடாது. ஆபத்தான தவறு என்றால் இந்த ஒன்றுதான்.

திறந்த வழியில் சங்கத்தின் கடிதம் போகும். பெறுநர் பொலிஸ் பொறுப்பதிகாரி. பிரதிகள் பிரதேச செயலாளருக்கும், கிராம அலுவலருக்கும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும். கடிதத்தில் இடமும் நேரமும் மட்டும் இருக்கும், ஒரு பெயரும் இருக்காது. ‘மதகடி, புதன் முதல் வெள்ளி வரை, பி.ப. 6.30 முதல் 8 வரை ரோந்து வேண்டும்’ என்று கேட்பீர்கள். முடிந்தளவு வீடுகள் கையெழுத்திடட்டும். நூறு கையெழுத்து இருந்தால் யார் வீட்டுக்குக் கல் எறிவது? சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் பேசுவதும் இந்த வழிதான். அங்கே சொல்வது அன்று மாலையே மதகுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிக்கொண்டே பேசுங்கள். அந்தக் கூட்டங்களில் ஒரு பெரியவர் எழும்பி ‘அந்தக் காலத்திலை இப்பிடி நடந்திருக்குமே’ என்று தொடங்கினால் அரை மணித்தியாலம் போய்விடும். தலைவர் அன்பாக இருத்திவிட வேண்டும்.

மூடிய வழியில் வாகன இலக்கம், பதுக்குகிற இடம், ஆள் அடையாளம் ஆகியவை போகும். ஒருவர் ஒரு அதிகாரிக்கு மட்டும் சொல்வார். பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து போய்ச் சொல்லாதீர்கள், வாசலில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. நிலையத்திலிருந்து கசிகிறது என்ற சந்தேகம் இருந்தால் மேலே போங்கள். வவுனியாவில் வன்னிப் பிராந்தியப் பிரதிப் பொலிஸ்மா அதிபரின் அலுவலகம் இருக்கிறது. கொழும்பில் பொலிஸ் போதைப்பொருள் தடுப்புப் பணியகம் இருக்கிறது.

சொல்லும்போது பார்த்ததையும் கேட்டதையும் பிரியுங்கள். ‘நான் பார்த்தது இது. மற்றவர் சொன்னது இது.’ ஊகத்தை உண்மையாகச் சொல்லி, வெறுங்கையோடு திரும்பும் ஒரு சோதனை நடந்தால் உங்கள் அடுத்த அழைப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். சோதனைக்கு ஆளான வீடு உங்கள் பகையாகவும் மாறும்.

பொருள் கைமாறுவதைக் கண்ணெதிரே பார்க்கும்போது 119 க்கு அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், கதையைப் பிறகு சொல்லுங்கள்.

## 9. வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தால்

வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால் ‘அவர் வரும்வரை இருக்கிறேன்’ என்றோ ‘எப்போது வரலாம்’ என்றோ கேளுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை.

சிங்களத்தில் எழுதிவிட்டு ‘சைன் பண்ணுங்கோ’ என்று சொன்னால் வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். 1 ஆம் பகுதியில் சொன்ன ஆள் இதற்குத்தான். வாசித்துக் காட்டும்போது மூன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள்: நேரம், இடம், ‘பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறதா ‘கேள்விப்பட்டேன்’ என்று எழுதியிருக்கிறதா. வழக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வழுக்கி விழும்.

முறைப்பாட்டுத் துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். திகதியும் பதிவு இலக்கமும் அதில் இருக்க வேண்டும். ‘சொல்லிவிட்டு வந்தோம்’ என்பதற்கு அடுத்த படியில் ஒரு பெறுமதியும் இல்லை.

சாட்சிகளுக்கு மிரட்டல் வந்தால் அதுவே தனிக் குற்றம். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் சாட்சிகளின் பாதுகாப்புக்கானது. மிரட்டல் வந்த அன்றே தனி முறைப்பாடாகப் பதியுங்கள், பழைய முறைப்பாட்டோடு சேர்த்துச் சொல்லி முடிக்காதீர்கள்.

## 10. ஆள் பிடிபட்ட பிறகு

ஊர் வெடி கொளுத்திக் கொண்டாடுகிற நாள் இது. தயவுசெய்து கொளுத்தாதீர்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவன் வீட்டார் அப்போதுதான் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மதகு வெறுமையாக இருக்கிற இந்த நாட்களில்தான் உண்மையான வேலை. பழைய வாடிக்கையாளர்கள் வருவார்கள், ஆள் இருக்காது, தவித்துப்போய் நிற்பார்கள். சிகிச்சைக்கு வருகிறாயா என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 6 ஆம் பகுதியில் போன வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். சிலர் அப்போதுதான் சம்மதிப்பார்கள்.

கொப்பியை மூடாதீர்கள். புது முகம் வந்தால் முதல் சில நாட்களில் தெரியும். அவனுக்கு இன்னும் இடம் பழகியிருக்காது. அந்த நேரத்தில் ரோந்தும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தால் நிலைகொள்ளாமலே போய்விடுவான். பக்கத்து ஒழுங்கைச் சங்கத்துக்கும் சொல்லிவையுங்கள், அநேகமாக அங்கேதான் போவான்.

பிணையில் வந்தவனை அடிக்க வேண்டாம். அடித்தால் முறைப்பாட்டுக்காரன் அவனாகிவிடுவான், எதிரி நீங்களாகிவிடுவீர்கள். பிணை நிபந்தனையை மீறுவதைக் கண்டால் கொப்பியில் எழுதிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அடுத்த தவணையில் நீதவானிடம் அதைச் சொல்ல வேண்டியது பொலிஸ்.

அவன் மனைவி, பிள்ளைகளை ஊர் ஒதுக்குவது இன்னொரு தவறு. அரிசி வாங்க வழியில்லாமல் போனால் அந்த வீட்டிலிருந்தே அடுத்த விற்பனையாளர் வருவார். அரசின் அஸ்வெசும உதவித்தொகை, தையல் வேலை, மாதர் சங்கக் கடன், ஏதாவது ஒன்றைக் கிராம அலுவலரோடு கதைத்துப் பார்த்துக் கொடுங்கள். கூட்டத்தில் இதைச் சொன்னால் முணுமுணுப்பு வரும், பரவாயில்லை.

## 11. பொலிஸ் அசையவில்லை என்றால்

முதலில் இரண்டாவது கடிதம், முதலாவது கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு. அதன் பிறகு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அதற்கும் பிறகு பிரதிப் பொலிஸ்மா அதிபர். படிகளைத் தாண்டி நேரே கொழும்புக்கு எழுதினால் கடிதம் அதே நிலையத்துக்கு அறிக்கை கேட்டுத் திரும்பி வரும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், இங்கே நல்ல கருவி. யாரைப் பிடித்தீர்கள் என்று கேட்காதீர்கள், விசாரணையைச் சாட்டி மறுக்கலாம். ‘எமது கடிதம் எந்தத் திகதியில் கிடைத்தது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, அதன்பின் இந்த வீதிக்கு எத்தனை ரோந்துகள் வந்தன’ என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். கேள்வி போன கிழமையே ரோந்து தொடங்குவதும் உண்டு.

உத்தியோகத்தர் ஒருவருக்கே இதில் பங்கு இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இலஞ்சம் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம். பிடித்த பிள்ளையை அடித்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. விற்றவன் என்பதற்காக அடித்தது சரியாகிவிடாது. இந்த மூன்று இடத்துக்கும் சங்கத்தின் பெயரில் எழுதாமல், நேரடியாகப் பார்த்தவரின் பெயரில் எழுதுங்கள். முறைப்பாட்டுத் துண்டின் பிரதி, கடிதங்களின் பிரதிகள், கொப்பியின் உரிய பக்கங்களின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். மூலப் பிரதி எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.